பந்துவீசும் இளங்கைகள்

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலரிலே கிரிக்கெற்றுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எமது சனிக்கிழமை வகுப்புகளின் வரவு இடாப்பைப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ஒக்ரோபர் மாதம் பிறந்தால் போதும். பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களின் பெயர்களுக்கு நேரே வெற்றிடங்கள் தோன்றத் தொடங்கிவிடும். மார்ச் முடியும்வரை அவை நிரம்புவதில்லை. வந்திருக்கும் சிலரும் வெள்ளை விளையாட்டு உடையின்மேல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆசிரியை புணர்ச்சி விதிகளை விளக்கும்போது சுவர்க் கடிகாரத்தையே நோக்கிக்கொண்டிருப்பர். ஆகவே இவ்விளையாட்டு எமது பாடசாலைக்கு அந்நியமானதன்று. சொல்லப்போனால் எமது முதன்மைப் போட்டியாளரே அதுதான்.

டண்டினொங்கிலும் அதன் அயலிலும் வாழும் எம்மிற் பலர் இலங்கை அணியின் இரசிகர்கள். இதை எழுதும்போதே கை சற்றுத் தயங்குகின்றது. 2012ஆம் ஆண்டு நத்தார் மறுநாள் மெல்பேண் மைதானத்தில் இலங்கை அணி ஆடியபோது, எம்மவர் சிலர் அவ்வணியைப் புறக்கணிக்குமாறு வேண்டிப் பதாகைகளோடு வாசலில் நின்றனர். வேறு சிலர் நுழைவுச் சீட்டோடு உள்ளே சென்றனர். ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு ஒருவர் வெளியிலும் ஒருவர் உள்ளேயுமாக நின்றதும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க இக்கட்டுரை போதாது. உள்ளே சென்றவர்களில் நாமும் அடங்குவோம் என்பதையும், அன்று இலங்கை மூன்று நாட்களுக்குள்ளேயே இன்னிங்ஸாலும் 201 ஓட்டங்களாலும் தோற்றதால் எமக்குப் போதிய தண்டனை அன்றே கிடைத்துவிட்டது என்பதையும் மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.

இன்றைய அணியின் இளந் துடுப்பாட்ட வீரர்களைப் பற்றி எமக்குப் பெருங்கவலை இல்லை. 2024 நவம்பரில் டேர்பனில் அணி முழுவதும் 42 ஓட்டங்களுக்குச் சுருண்டதை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் அதே ஆண்டில் காலி றிச்மண்ட் கல்லூரி தந்த கமிந்து மென்டிஸ் பதின்மூன்றே இன்னிங்ஸ்களில் ஆயிரம் ரெஸ்ற் ஓட்டங்களைக் கடந்து, பிரட்மனோடு ஒரே வரிசையில் தமது பெயரைப் பொறித்தார். பத்தும் நிஸ்ஸங்க இலண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காது 127 ஓட்டங்கள் குவித்து இங்கிலாந்தை வென்று கொடுத்தார். இவர்கள் தவறினாலும் எழுந்து கொள்வார்கள். துடுப்பாட்ட வீரனின் தவறு அவன் உடம்பை உடைப்பதில்லை.

எமது கவலையெல்லாம் பந்துவீச்சாளர்களைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால் இளம் வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றியது. இலங்கை அவர்களைக் கண்டுபிடிக்கும் வேகமும் இழக்கும் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

2019 ஜனவரியில் பிறிஸ்பேன் ரெஸ்ற் நடைபெற்றது. அவ்வொரு போட்டியிலேயே லகிரு குமார தொடைத் தசையும் துஷ்மந்த சமீர கணுக்காலும் பாதிக்கப்பட்டுத் தொடரை விட்டு நீங்கினர். கான்பெராவில் ஆடிய அடுத்த போட்டிக்கு வேகப்பந்து வரிசையையே புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1988இல் பேர்த்தில் ஆடிய முதல் ரெஸ்ற் தொடங்கி 2019இன் அந்தக் கான்பெரா ரெஸ்ற் வரை அவுஸ்திரேலிய மண்ணில் இலங்கை ஒரு ரெஸ்ற் போட்டியிலும் வென்றதில்லை என்றால், அதற்குத் துடுப்பாட்டம் மட்டுமா காரணம்?

2022 ஒக்ரோபரில் ஜீலோங்கில் நடந்ததோ இன்னும் கொடுமை. எமது வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய மைதானத்தில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணப் போட்டி என்றதும், பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு எம்மவர் குடும்பங்களாகப் புறப்பட்டனர். முதற்போட்டி தொடங்குமுன்னரே இடக்கை வேகப்பந்து வீச்சாளர் டில்ஷான் மதுஷங்க காயத்தால் விலகினார். அன்று நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோல்வி. இரண்டு நாட்களின் பின் ஐக்கிய அரபு அமீரகத்துக்கெதிராக அற்புதமாக வீசிய சமீர கெண்டைக்கால் பிடித்து நொண்டியபடி வெளியேறினார். பேர்த் சென்றதும் பினுர பெர்னாண்டோவின் முறை வந்தது. பத்து நாட்களுக்குள் மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள்! இதனைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்து போவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

திறமைக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்ல முடியாது. அதே 2019 பெப்ரவரியில் டேர்பனில் குசல் பெரேரா 153 ஓட்டங்கள் எடுத்து வென்ற அதிசயப் போட்டியை யாவரும் அறிவர். அப்போட்டியில் விஷ்வ பெர்னாண்டோ எட்டு விக்கெற்றுகளை வீழ்த்தியதையும், கடைசி விக்கெற்றுக்கு மறுமுனையில் தூண்போல நின்றதையும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 2024இல் ஓவலில் இலங்கை நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கி வென்றது. அத்தொடரில் மட்டும் அசித்த பெர்னாண்டோ 17 விக்கெற்றுகளைப் பெற்றார். விதை நல்ல விதைதான். ஆனால் முளைத்த மூன்றாம் நாளே பிடுங்கி வேர் பார்க்கிறார்கள் என்பதே எமது முறைப்பாடு.

இங்கே மதீஷ பத்திரண பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பேசாவிட்டாலும் எமது பாடசாலையின் வாகனத் தரிப்பிடத்தில் அவரைத் தினமும் காணலாம். இடைவேளையில் ரெனிஸ் பந்தோடு இறங்கும் பையன்களில் பாதிப் பேர் சென்னை அணியின் மஞ்சட் சட்டையோடு, கையைப் பக்கவாட்டில் கவண்போலச் சுழற்றி எறிகிறார்கள். கண்டி திரித்துவக் கல்லூரி மாணவரான பத்திரண 2022இல் சென்னை அணிக்கு ஆடத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. 2023இல் 19 விக்கெற்றுகளை எடுத்து அவ்வணி கிண்ணம் வெல்லத் துணை நின்றார். அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில் தோள்பட்டைக் காயத்தால் இடையிலேயே விலகினார். 2024இல் மீண்டும் சென்னைக்கு ஆடும்போது தொடைத் தசை பாதிக்கப்பட்டு நாடு திரும்பினார்.

இவரை ரெஸ்ற் போட்டிகளுக்கு அருகிலும் விடலாகாது என்பது டோனி வெளிப்படையாகச் சொன்ன கருத்து. இக்கருத்தைக் கேட்டு எம்மவர் சிலர் கொதித்தெழுந்தனர். சென்னைக்காக இலங்கைப் பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றனர். அவ்வாறு சொல்வது நியாயமன்று. அத்தகைய வீச்சு முறை உடம்பை எவ்வளவு வருத்தும் என்பதற்கு லசித் மலிங்கவே சான்று. 2004 ஜூலையில் இந்நாட்டின் டார்வினில் தமது முதல் ரெஸ்ற்றை ஆடிய மலிங்க, முப்பது ரெஸ்ற்றுகளில் 101 விக்கெற்றுகளோடு 2011இல் அவ்வகைப் போட்டியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. எனவே டோனியின் எச்சரிக்கையில் உண்மை உண்டு. ஆனால் மறுபக்கமும் உண்டு. நான்கு ஓவர் வீசிவிட்டு அமரும் இளைஞன் ஐந்தாவது ஓவரில் என்ன செய்ய வேண்டும் என்பதை எங்கே கற்பான்? களைத்த காலோடு நீளம் தவறாமல் வீசும் வித்தை, பழைய பந்தைப் பேச வைக்கும் வித்தை, துடுப்பாட்ட வீரனின் பொறுமையைச் சோதிக்கும் வித்தை, இவையெல்லாம் நீண்ட ஆட்டத்தில்தான் வரும். உடம்பு முற்றுமுன் உலக மேடையும் பெரும் பணமும் வந்துவிடுகின்றன. உடம்பை முற்ற வைக்கும் நாள்கணக்கான உள்ளூர் ஆட்டத்துக்கோ பின்னர் நேரம் இல்லை. பத்திரணவை ரெஸ்ற்றில் ஆட வைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவரை இரண்டு ஆண்டுகள் எவரும் அவசரப்படுத்தாமல் இருந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

வேகப்பந்து வீச்சு இயற்கைக்கு மாறான ஒரு செயல். ஓடி வருபவன் முன்காலை ஊன்றும் கணத்தில் அவன் உடல் நிறையைப்போலப் பல மடங்கு விசை அக்காலிற் பாய்கின்றது. அதே கணத்தில் முதுகு வளைந்து முறுக்கி நிமிர்கின்றது. வலக்கையால் வீசுபவனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே, முள்ளந்தண்டின் இடப்பக்க எலும்பு அந்த முறுக்கலைத் தாங்குகின்றது. ஒரு பந்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரமாவது பந்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு உண்டாகும். இருபது வயதைத் தாண்டியும் இவ்வெலும்புகள் முற்றாக இறுகுவதில்லை என்பதே இதில் முக்கியமானது. 1973இல் டென்னிஸ் லில்லிக்கு மேற்கிந்தியத் தீவுகளில் இது நேர்ந்தபோது அவருடைய ஆட்டம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். அவுஸ்திரேலியர் பின்னர் இதனை ஆராயத் தலைப்பட்டனர். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறொரு திசையிலும் நிற்கும் கலப்பு வீச்சு முறையே முதுகுக்குப் பகை என்பதைக் கற்று, பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் தொடங்கினர். அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டிலும் இதே கதைதான். அங்கே உடைவது முழங்கை. 1974இல் ஒரு வைத்தியர் முதன்முதலாக வீரரொருவரின் முழங்கைத் தசைநாரை வேறோரிடத்துத் தசைநாரால் மாற்றியமைத்தார். இன்று அங்கே சிறுவர் எறியும் பந்துகளை எண்ணுவதற்கென்றே ஆள் இருப்பார்.

இவற்றையெல்லாம் அறிந்த நாட்டிலும் இழப்பு நேர்வதுண்டு. அதனைக் காண நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. எமது ஊரின் ஷெப்லி ஓவல் மைதானத்திலே, டண்டினொங் கழகத்துக்காக இரு சகோதரர்கள் ஆடினர். மூத்தவர் டரன் பற்றின்சன் கூரை ஓடு வேய்பவர்; இங்கிலாந்தில் பிறந்த காரணத்தால் 2008இல் அந்நாட்டுக்காக ஒரேயொரு ரெஸ்ற் ஆடினார். இளையவர் ஜேம்ஸ் பற்றின்சன் மெல்பேணில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்காக ஆடினார். (ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டுக்கு ஆடுவதைப் பற்றி எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) ஜேம்ஸ் 2011 டிசம்பரில் பிறிஸ்பேனில் தமது முதல் ரெஸ்ற்றிலேயே 27 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெற்றுகளைச் சாய்த்தார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. 2013இல் இங்கிலாந்துத் தொடரின் நடுவே முதுகெலும்பில் வெடிப்பு. பின்னரும் வெடிப்பு. 2017இல் நியூசிலாந்து சென்று முதுகிலே திருகாணியும் கம்பியும் வைத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2019இல் மீண்டு வந்து இங்கிலாந்தில் வீசியதைப் பார்த்தபோது, இந்த ஊரவர் என்ற உரிமையோடு நாமும் நள்ளிரவில் கைதட்டினோம். 2021இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். 21 ரெஸ்ற்றுகள், 81 விக்கெற்றுகள். நூற்றைம்பது ரெஸ்ற்றுக்குரிய கை அது என்பது எமது கருத்து. மிகை என்போர் ஷெப்லி ஓவலில் அவரைப் பார்த்திராதவர்கள்.

பற்றின்சனுக்கு இரு வாரங்கள் முந்தி, 2011 நவம்பரில் ஜொகான்னஸ்பேர்க்கில் பதினெட்டு வயதுப் பையனொருவன் 79 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெற்றுகளை எடுத்து ஆட்ட நாயகனானான். அவனுக்கும் முதுகு வெடித்தது. ஒரு முறையன்று, பல முறை. பற் கமின்ஸ் தமது இரண்டாவது ரெஸ்ற்றை ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். ஐந்து ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஒரு நாடு காத்திருந்தது. இடையில் எத்தனையோ தோல்விகள் வந்தன. எத்தனையோ பேர் அவரை இறக்குங்கள் என்று கூவினர். அவர் 2023இல் உலகக் கிண்ணத்தை ஏந்தி நின்றபோது அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி எவரும் பேசவில்லை.

இலங்கைக்குக் காத்திருக்கத் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஒருமுறை அது காத்திருந்தது. 1995ஆம் ஆண்டு நத்தார் மறுநாள் டண்டினொங்கிலிருந்து புகையிரதமேறி றிச்மண்டில் இறங்கி மெல்பேண் மைதானத்துக்குச் சென்ற எம்மவர் அதைக் கண்ணாற் கண்டவர்கள். நடுவர் டரல் ஹேயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை கையை நீட்டி, முரளிதரன் பந்தை எறிகிறார் என்று அறிவித்தார். கண்டியைச் சேர்ந்த அந்த இருபத்து மூன்று வயதுத் தமிழ் இளைஞன் அன்று பெரும் பெயர் பெற்றவனல்லன். முதல் ஆட்டத்தை ஆடி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நிலையில் அவனைக் கைவிடுவது மிக எளிது. இலங்கையின் தமிழனொருவனைக் கைவிடுவது இன்னும் எளிது என்று எம்மிற் சிலர் அன்று மனத்துக்குள் எண்ணியதும் உண்மை. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க கைவிடவில்லை. மறுமுனைக்கு மாற்றிப் பந்தைக் கொடுத்தார். முரளியின் கை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் சோதிக்கப்பட்டது. பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை என்று தெரிந்தது. 2010 ஜூலையில் காலியில் அவர் 800ஆவது விக்கெற்றை எடுத்து விடைபெற்றார். இங்கே மகத்துவம் யாருடையது என்று கேட்டால், முரளியுடையது என்றே எவரும் சொல்வர். பதினைந்து ஆண்டுகள் பந்தை அவர் கையிலிருந்து பறிக்காமல் விட்டவர்களுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுக்க நாம் விரும்புகிறோம்.

சுழற்பந்து வீச்சாளருக்கு உடம்பு ஒத்துழைக்கும். அவனைக் கெடுப்பது வேறொன்று, ஆடவிடாமை. பிரபாத் ஜயசூரிய உள்ளூரில் ஆண்டுக்கணக்காக வீசி, முப்பது வயதில், 2022 ஜூலையில் காலியில் அவுஸ்திரேலியாவுக்கெதிராக முதல் ரெஸ்ற் ஆடிப் பன்னிரண்டு விக்கெற்றுகளை எடுத்தார். முதல் ஏழு ரெஸ்ற்றுகளில் ஐம்பது விக்கெற்றுகள். காய்த்துப் பழுத்த பின் பறித்த கனி அது. இன்னும் இரண்டு ஆண்டுகள் முந்தியிருந்தாலும் இனித்திருக்கும். துனித் வெல்லாலகே எதிர்த்துருவம். 2022இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியின் தலைவர். 2023இல் இந்தியாவின் ஐந்து விக்கெற்றுகளை 40 ஓட்டங்களுக்கு வீழ்த்தியபோது வயது இருபது.

இனி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். 1904 முதல் ஆடப்பட்டு வரும் வடக்கின் பெருஞ்சமரில் எமது மாமன்மாரும் மைத்துனர்மாரும் எதிரெதிர்ப் பந்தல்களிலிருந்து கூச்சலிட்டு வளர்ந்தவர்கள். அந்த மண்ணின் மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளர் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கிலும், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காகவும், 2024 மே மாதத்தில் ஹைதராபாத் அணிக்காகவும் ஆடியதைப் பார்த்து எமது ஊரில் எத்தனை தொலைபேசிகள் ஒலித்தன! ஆனால் மணிக்கட்டுச் சுழல் எல்லாக் கலைகளிலும் மெதுவாகப் பழுப்பது. அதற்கு ஓவர்கள் வேண்டும். அடிவாங்கிய மறுநாளும் பந்தைத் தரும் தலைவர் வேண்டும். 2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்ல செய்தி. மைதானம் எழும்ப ஆகும் காலத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள், பந்துவீச்சாளன் எழும்ப ஆகும் காலத்தையும் பொறுத்துக்கொள்வார்களா என்பதே எமது ஐயம்.

இவ்வளவும் எழுதியபின் எமது வீட்டையும் பார்க்க வேண்டியதாகிறது. இந்நாட்டில் சிறுவருக்குப் பந்து வீசும் களத்தின் நீளத்தையே குறைத்து வைத்திருக்கிறார்கள். பெரியவர் ஆடும் இருபது மீற்றருக்குப் பதிலாகச் சிறியவருக்கு முதலில் 16 மீற்றர், பின்னர் 18 மீற்றர். வயதுக்கேற்ப ஓவர்களுக்கும் எல்லை உண்டு. நன்றாக வீசிக்கொண்டிருக்கும் மகனைப் பயிற்றுநர் நிறுத்தும்போது எல்லைக்கோட்டருகே நின்று முறைக்கும் தந்தையரில் எம்மவர் தொகை குறைவன்று. அந்த வரிசையில் நாமும் நின்றிருக்கிறோம். பையன் நிறத்தால் நிறுத்தப்பட்டான் என்று வீட்டில் வந்து பேசியும் இருக்கிறோம். பயிற்றுநர் எண்ணியது பந்துகளை மட்டுமே என்று பின்னர்தான் விளங்கியது.

எமக்குத் தெரிந்த பதினான்கு வயதுப் பையனொருவன் வெள்ளி மாலை பள்ளிக்கூட அணிக்கும், சனிக்கிழமை கழகத்துக்கும், ஞாயிறன்று தேர்வு அணிக்கும் வீசினான். நீண்ட வார இறுதிகளில் எம்மவர் நடத்தும் சுற்றுப்போட்டி வேறு. ஒவ்வோர் இடத்திலும் எல்லையை மீறாமலே வீசினான். நான்கு இடத்துப் பந்துகளையும் கூட்டிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை, பெற்றோர் உட்பட. முதுகு வலிக்கிறது என்றபோது புத்தகப் பையின் பாரம் என்று எண்ணினர். படம் எடுத்துப் பார்த்தபோது வெடிப்புத் தெரிந்தது. ஒரு பருவம் முழுவதும் பந்தைத் தொடவில்லை. அவ்வாண்டுதான் தமிழ் வகுப்புக்கு ஒருநாளும் தவறாமல் வந்தான் என்பதை வேண்டுமானால் ஆசிரியைகள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மீண்டும் வீசுகிறான், கொஞ்சமாக. வாரந்தோறும் எத்தனை பந்துகள் என்று ஒரு கொப்பியில் குறிக்கும்படி தாயார் கட்டளையிட்டிருக்கிறார். அதையும் தமிழில் எழுத வேண்டுமாம். சென்ற வாரம் அக்கொப்பி வீட்டுப்பாடத்தோடு கலந்து ஆசிரியையின் மேசைக்கு வந்துவிட்டது. “சனி, 36 பந்துகள், வழி இல்லை” என்று எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையால் ‘ழி’யை வெட்டி ‘லி’ போட்டுக் கொடுத்தார்.